துரைக்கு ஒரு பெரிய அறை

கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்ட அண்ணன் மகளின் அறையைத் தன் மீனுக்குக் கேட்டாள் எக்ஸ்ரே அத்தை. கேட்ட நேரம் சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் அவள் எதையாவது கேட்பதற்கு நல்ல நேரம் என்று ஒன்று எப்போது இருந்தது? அண்ணன் அப்போதுதான் அந்த அறையின் சன்னலுக்குப் புதுத் திரை மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் ஸ்டூலில். அப்படியே நின்றுவிட்டார்.

"யாருக்கு?"

"மீனுக்கு அண்ணா."

"எந்த மீனுக்கு?"

வீட்டில் இருந்ததே ஒரு மீன்தான். கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்துக்கொண்டிருந்த அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "துரைக்குத் தனி ரூமா! அட்டாச்டு பாத்ரூம் வேண்டாமாமா?"

"நான் விளையாட்டுக்குக் கேக்கல அண்ணி. இந்தச் சுவத்துல எனக்கு ஆறடி வேணும். ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். அதுக்குக் குறைஞ்சா அது பொழைக்காது." கையில் அளவு டேப்பை இழுத்துப் பிடித்தபடி நின்றாள் அத்தை.

"பாப்பா," என்றார் அண்ணன். நாற்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். "இது மாப்பிள்ளையும் பொண்ணும் வந்தா தங்குறதுக்கு. மாப்பிள்ளையக் கொண்டுபோய் எங்க படுக்க வைக்கச் சொல்ற? மீன் தொட்டியிலயா?"

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். முப்பது வருஷம் அப்படியே உட்கார்ந்து பழகியதில், வீட்டிலும் எல்லோருடைய பிரேக்கும் தன் காலடியில்தான் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு. கெட்ட மனுஷர் இல்லை. யார் எந்த வேகத்தில் போனாலும் ஒரு மிதி மிதித்துவிடுவார், அவ்வளவுதான். அத்தை டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

துரை என்பது அண்ணி வைத்த பெயர். காலையில் யார் கூடத்துக்கு வந்தாலும் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு, சாப்பாடு எங்கே என்று முறைக்கும். "துரை எழுந்தாச்சு, துரைக்குப் பசி வந்தாச்சு" என்று சொல்லிச் சொல்லியே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆஸ்கர் மீன். கறுத்த உடம்பில் தணல் சிந்தினாற்போல ஆரஞ்சுத் திட்டுகள். அண்ணன் மகள் படிக்கிற காலத்தில் கட்டைவிரல் அளவில் வாங்கி வந்தது. தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும் என்று கடைக்காரர் அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தார். இந்தப் பொய்யை முதன்முதலில் கிளப்பிவிட்ட ஆள் யாரோ தெரியாது, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். செருப்பு சின்னதாக இருந்தால் பிள்ளையின் கால் வளராமல் நின்றுவிடுமா? துரை வளர்ந்தது. ஒரு அடியைத் தொட்டது. தொட்டியின் நீளம் இரண்டரை அடி, அகலம் ஒரே அடி. திரும்ப வேண்டுமானால் வாலை மடித்து, உடம்பை வளைத்து, கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

மற்றவர்கள் அதைப் பார்த்து, அழகாக வளைகிறது என்பார்கள். அத்தை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க என்று நாள் முழுக்கச் சொல்லி, மனுஷர்களின் முதுகெலும்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பவள். துரை திரும்பும்போதெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அழகு இல்லை, எலும்பு. இன்னும் ஒரு வருஷம் இப்படியே விட்டால் அது நிமிராது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் மகள் தாலி ஏறியதும் மீனைக் கை கழுவிவிட்டுப் போனாள். "அத்தை, நீங்க பாத்துக்கோங்க" என்ற ஒரு வார்த்தையோடு துரை அத்தை தலையில் வந்து விழுந்தது. விழுந்ததும் அவளுக்கு அதன்மேல் பாசமும் வந்துவிட்டது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

அவளுடைய அறையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதை அறை என்று சொன்னால் அறைகளுக்குக் கோபம் வரும். சமையலறையை ஒட்டிய ஒடுக்கம். அவளுடைய கட்டிலும் பீரோவும் போக மீதி இடத்தில் உபரி கேஸ் சிலிண்டர், இஸ்திரி மேசை, வீட்டில் போக்கிடம் இல்லாத அத்தனை பெட்டிகள். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். அம்மா அப்பா, அண்ணன் தங்கை இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன வீடுதான் அது. ஆனால் அண்ணன் குடும்பஸ்தர், அவள் ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இடம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்துபோன விஷயம் அது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். "பாப்பா, நான் யோசிச்சுப் பாத்தேன். மீனுக்கு இடம் பத்தாம இல்ல. துணை இல்ல. அதான் அது முறைச்சுக்கிட்டே கிடக்கு."

துணை! அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அத்தைக்குப் புதிதில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்தெட்டு வயதுவரை அவர் அதே குரலில் அதே வார்த்தையைச் சொல்லி எத்தனையோ பேரைக் கூட்டி வந்திருக்கிறார்.

"அண்ணா, தயவுசெஞ்சு எதையும் வாங்கிட்டு வந்துடாதீங்க. இதுகூட எதை வேணா விட முடியாது."

காதில் போட்டுக்கொள்கிற ஆளா அவர்? அன்று மாலையே ஒரு டஜன் குட்டி மீன்களை வாங்கி வந்து விட்டார். நீலமும் சிவப்புமாக மின்னும் மீன்கள். "இப்பதான் தொட்டியே களை கட்டுது" என்றார். மறுநாள் காலையில் ஒன்றைக்கூடக் காணோம். துரையின் வயிறு மட்டும் உப்பியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது யாரையும் முறைக்கவில்லை.

"வாய்க்குள்ள போற சைஸ்ல எதை விட்டாலும் அது துணை இல்லண்ணா, சாப்பாடு," என்றாள் அத்தை.

சொன்னது தப்பாகப் போயிற்று. அண்ணன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வாய்க்குள் போகாத மீன்தானே வேண்டும்? அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன பிறகு, துரையைவிட ஒரு சுற்றுப் பெரிய ஆஸ்கர் ஒன்றை வாங்கி வந்து அதே இரண்டரை அடித் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்.

அத்தை ஒரு நோயாளியைப் படுக்க வைத்து முழங்காலை நேராக்கிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து போனைப் பார்த்தால், குடும்பக் குழுவில் அண்ணன் அனுப்பிய படம். இரண்டு மீன்கள் வாயோடு வாய் வைத்து நிற்கின்றன. கீழே எழுதியிருந்தார்: 'துரைக்குக் கல்யாணம் ஆயிடுச்சு! முதல் முத்தம்!' அண்ணன் மகள் பதினைந்து இதயம் போட்டிருந்தாள். மாப்பிள்ளைகூட ஒன்று போட்டிருந்தார்.

அத்தைக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆஸ்கர்கள் வாயைக் கவ்வுவது முத்தம் இல்லை, மல்யுத்தம். தாடையைக் கவ்வி முறுக்கி, இது யார் இடம் என்று தீர்க்கிற சண்டை. பெரிய தண்ணீரில் தோற்றது ஓடி ஒளியலாம். இரண்டரை அடியில் எங்கே ஓடும்? கூட வேலை செய்பவரிடம் அடுத்த நோயாளியை ஒப்படைத்துவிட்டு, மேலே போட்டிருந்த ஈய ஏப்ரனைக்கூட வாசல் வரை வந்துதான் கழற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் வந்தபோது துரை ஒரு மூலையில் தலைகீழாக ஒடுங்கியிருந்தது. முதுகுத் துடுப்பு கிழிந்து தொங்கியது. கீழ்த்தாடையில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. தொட்டியின் தரை முழுக்கச் செதில்.

"தடதடன்னு சத்தம் கேட்டுச்சும்மா," என்றாள் அண்ணி. குரல் உள்ளே போயிருந்தது. "கொஞ்சிக்குதுங்கன்னு நெனச்சேன்."

அத்தை துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, புதியதை அதற்கு மாற்றினாள். பிறகு அதை மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதையும் யாரோ கேட்காமல்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

சாயந்திரம் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "நல்லதுக்குத்தான் செஞ்சேன் பாப்பா."

"தெரியும்ணா. எப்பவும் நல்லதுக்குத்தான் செய்வீங்க."

"அதுக்கும் உன்ன மாதிரியே குணம். யாரும் ஒத்துவரல."

"மீனுக்கும் எனக்கும் முடிச்சுப் போடாதீங்க. அதுக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கு." அண்ணனை அவள் அப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. பேசிய பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அண்ணனும் அண்ணியும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அத்தை கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். ஏற்கெனவே எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தடித்த கண்ணாடியில் ஆறடித் தொட்டி, கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் தெர்மக்கோல் அட்டை. அட்டை இல்லாமல் வைத்தால் எங்காவது ஒரு மேடு பட்டுக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். மேலே கனமான மூடி. ஆஸ்கர் கோபம் வந்தால் எம்பிக் குதிக்கும்.

"என்னம்மா, சுறா வளக்கப் போறீங்களா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"அதவிட மோசம். துரை."

அண்ணன் மகளின் கட்டிலை எதிர்ச் சுவரோரம் தள்ளி, தொட்டியை அவள் அளந்து வைத்த சுவரில் நிறுத்தினார்கள். தரைத்தளம், கீழே மண்தான், பாரத்துக்குப் பயமில்லை. நாலு பக்கமும் மட்டம் பார்த்தாள். பிறகு சமையலறைக் குழாயில் ரப்பர் பைப்பை மாட்டி, நடையில் இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்குள் விட்டுத் திறந்தாள். குளோரினை முறிக்கிற மருந்தை ஊற்றினாள். பழைய ஃபில்டரின் பஞ்சை அலசாமல் அப்படியே புதியதற்குள் வைத்தாள், பழகிய தண்ணீரின் சத்து அதில்தான் இருக்கிறது. தண்ணீர் ஏற ஏற அவளுக்குள் ஏதோ இறங்கியது. திருட்டுத்தனமாகச் செய்கிறோம் என்று கொஞ்சம்கூடத் தோன்றவில்லை. இவ்வளவு நாள் ஏன் செய்யவில்லை என்றுதான் கோபம் வந்தது.

தண்ணீர் இரண்டு நாள் ஓடித் தெளிந்த பிறகு துரையை மாற்றினாள். ஆனால் துரை ஆறடியைக் கண்டு துள்ளிக் குதிக்கவில்லை. ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று. பிறகு நிறம் வெளுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரையில் பொத்தென்று படுத்துவிட்டது.

மறுநாள் அண்ணன் அண்ணியோடு திரும்பி வந்தார். மாட்டிய திரைக்கு முன்னால் மாலை வெயிலில் மினுக்கும் தண்ணீரைப் பார்த்தார். சூட்கேஸைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"யாரைக் கேட்டு வச்ச?"

"உங்களத்தான் கேட்டேன். நீங்க தரல. அதனால வச்சேன்."

"இப்பவே இதை எடு!"

"எடுங்களேன்."

அண்ணன் சூட்கேஸை வைத்துவிட்டுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினார். இன்னொரு பக்கம் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். முகம் சிவந்ததே தவிர தண்ணீரில் ஓர் அலைகூட எழவில்லை.

"உங்க டிரைவிங் ஸ்கூல் கார் எடை இருக்குண்ணா," என்றாள் அத்தை. "ஹேண்ட்பிரேக் போட்டுட்டுத் தள்ளுற மாதிரிதான். தண்ணி ரொப்பினா ரொப்பினதுதான்."

அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா இருமுகிறாளா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் கண்ணில் துரை பட்டது.

"அட, இது செத்துக் கிடக்கே!"

"சாகல. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. இடம் மாத்தினா இந்த மீன் இப்படித்தான் செய்யும்."

"பாத்தியா, அதுக்கே பிடிக்கல." பிரேக் மறுபடி காலடியில் வந்துவிட்ட நிம்மதி அவர் குரலில். "சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள இது எழுந்து சாப்பிட்டா, ரூம் உனக்கு. இல்லாட்டி, தண்ணிய இறைச்சு ஊத்திட்டு ரூமை ஒழிச்சுக் குடுத்துடணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் அத்தை, யோசிக்காமல்.

வெள்ளிக்கிழமை துரை எழவில்லை. சனிக்கிழமை காலையும் எழவில்லை. சாய்ந்தவாக்கில் ஒரு கண்ணால் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. செவுள் அசைந்தது, அவ்வளவுதான். அத்தை போட்ட தீனி ஊறிக் கரைந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்து போய், அவர் முகம் வீங்கும்வரை நின்றிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பெரிய மீன் பயந்து கிடக்கும்போது, இந்தத் தண்ணீர் ஆபத்தில்லாதது என்று அதற்கு யார் சொல்வது? அவள் சொன்னால் கேட்காது. வெட்டவெளியில் பயமில்லாமல் திரியும் வேறு மீன்கள் சொன்னால் கேட்கும். அண்ணன் சொன்ன துணை இல்லை. வாய்க்குள் போகாத உடம்பும் வம்புக்குப் போகாத குணமும் உள்ள துணை. வழக்கமாகப் புது மீன்களைச் சில வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். அவளுக்கு அவகாசம் இல்லை. கடைக்குப் போனாள். வெள்ளித் தட்டைப் போலத் தட்டையான, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த சில்வர் டாலர் மீன்கள் ஆறு வாங்கினாள். கூட்டமாகவே திரியும், இலை தழை தின்னும், யாரையும் சீண்டாது.

ஆறையும் விட்டாள். அவை சிறிது நேரம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. பிறகு ஒன்று நகர, மற்றவை பின்னால் நகர, ஆறடியையும் தங்கள் சொந்த வீதியைப்போல அளக்கத் தொடங்கின. துரையின் கண் அவற்றோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் பார்த்தவர் அண்ணன்தான். "ஏய், இங்க வாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் அத்தை பல் துலக்குகிற பிரஷோடு ஓடி வந்தாள். துரை நிமிர்ந்து நின்றது. நிறம் திரும்பியிருந்தது. சில்வர் டாலர் கூட்டத்தை ஒரு முறை விரட்டிப் பார்த்தது. அவை சிதறி மறுபடி சேர்ந்துகொண்டன. சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டது. பிறகு வாலை மடிக்காமல், உடம்பை வளைக்காமல், வீதி முனையில் வண்டி திரும்புவதைப் போல நிதானமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. அதைப் பார்த்து அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. தீனியை நீட்டினாள். வந்து விரலோடு சேர்த்து லபக்கென்று பிடுங்கியது.

அண்ணனும் சிரித்துவிட்டார். தோற்றாலும் பெருந்தன்மை குறையாதவர். "சரி பாப்பா, பேச்சுன்னா பேச்சுதான். மீன் இருக்குற வரைக்கும் ரூம் உன்னோடது."

ஜெயித்தாகிவிட்டது. வாயில் பற்பசையோடு, சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை அவளைச் சுட்டது. மீன் இருக்கிற வரைக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் துரை இன்னும் பத்து வருஷம் இருக்கும். அதுவரைக்கும் தினமும் காலையில் எழுந்து, மூச்சு இருக்கிறதா என்று தன் இடத்துக்காக அதைப் பார்க்க வேண்டும். அது போன மறுநாள், ஐம்பத்தாறு வயதில், மறுபடி சிலிண்டர் பக்கத்துக்குப் போக வேண்டும். இந்த அறையை மீனுக்கென்று கேட்டது எதனால்? தனக்கென்று கேட்கத் தைரியம் இல்லாததால். அதற்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"இல்லண்ணா."

"என்ன இல்ல?"

"மீன் இருக்குற வரைக்கும் இல்ல. நான் இருக்குற வரைக்கும். இந்த ரூம் எனக்கு. மீன் இருந்தாலும், நாளைக்கே செத்தாலும்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மீனைப் பார்த்தாள்.

"அப்ப மாப்பிள்ளை வந்தா?"

"என் ரூம் காலியாத்தானே இருக்கும். அங்க படுக்கட்டும்."

"அங்கயா?" அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "விளையாடுறியா? அந்த ரூம்ல ஒரு மனுஷன் எப்படிப் படுப்பான்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. அத்தை கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பார்வையைத் தாழ்த்தியது அவர்தான்.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். ஒடுக்கத்திலிருந்து பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "அங்க என்ன நின்னுக்கிட்டு? வாங்க," என்று உள்ளிருந்து புருஷனைக் கூப்பிட்டாள். "பீரோவோட அந்தப் பக்கத்தப் பிடிங்க."